பல பில் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே தலைமை சர்வர்: அமைப்பது எப்படி, காப்பது எப்படி?

முன்பெல்லாம் ஒரு மளிகைக் கடைக்கு ஒரு கல்லா, ஒரு சிட்டைப் புத்தகம், ஒரு பேரேடு என்று இருந்தது. இன்று ஓரளவு வியாபாரம் நடக்கிற கடையில்கூட முன்பக்கம் இரண்டு மூன்று பில் கம்ப்யூட்டர்கள், உள்ளே கணக்குப் பார்க்க ஒன்று, குடோனில் சரக்கு வரவு வைக்க ஒன்று, கிளைக் கடை இருந்தால் அங்கே இரண்டு என ஆறேழு மெஷின்கள் ஓடுகின்றன. மெஷின் வாங்கும்போது நாம் காட்டும் அக்கறையை, அவை அனைத்தும் ஒரே மாதிரி இயங்குகின்றனவா என்று பார்ப்பதில் காட்டுவதில்லை. இதனால் வரும் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது வரிக் கணக்கிலோ வாடிக்கையாளர் வாயிலோதான் தெரிகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56ஆவது கூட்டம், மளிகைக் கடைகளில் விற்கும் ஏராளமான பொருள்களின் வரியை மாற்றியது. நெய், வெண்ணெய், ஜாம், நூடுல்ஸ் போன்றவை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பிஸ்கட், பற்பசை, ஷாம்பு, குளியல் சோப்புக் கட்டி ஆகியவை 18இலிருந்து 5 ஆயின. புதிய விகிதம் செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது. 21ஆம் தேதி ஞாயிறு இரவு கடை அடைத்ததற்கும் திங்கள் காலை கடை திறந்ததற்கும் இடையில் எல்லா மெஷின்களும் மாறியிருக்க வேண்டும். முதல் மெஷினில் மாற்றிவிட்டு மூன்றாவது மெஷினை மறந்துவிட்டால், ஒரே கடையில், ஒரே நெய்க்கு, இரண்டு கவுண்டரில் இரண்டு வரி!

வரியைக் குறைத்துப் போட்டால் குறைந்த தொகையை நம் கையிலிருந்து கட்ட வேண்டும். கூட்டிப் போட்டால், வரி என்று சொல்லி வசூலித்த தொகையை அரசுக்குச் செலுத்தியே ஆக வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76ஆவது பிரிவு. எப்படிப் பார்த்தாலும் லாபம் இல்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கை போவதுதான் மிச்சம்.

மெஷின் மெஷினாகப் போய் உட்கார்ந்து செட்டிங் மாற்றும் வேலைக்கு மாற்றாகவே, எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் தலைமை சர்வர் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டியதில்லை. நாலைந்து மெஷின்கள் உள்ள கடைக்கும் இது பயன்படும். ஆனால் சரியாகக் காக்காவிட்டால், இதே சர்வரால் கடை முழுவதும் நின்றுபோகவும் கூடும். ஆகவே இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இரண்டு வகை சர்வர்: குழப்பம் வேண்டாம்

"எங்கள் கடையில் ஏற்கெனவே சர்வர் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் பில் மென்பொருளின் தகவல் சர்வர். சரக்குப் பட்டியல், விலை, வரி விகிதம், இருப்பு எல்லாம் அதில் இருக்கும். எல்லா பில் மெஷின்களும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மென்பொருள் இருந்தால், வரி விகிதத்தை ஓரிடத்தில் மாற்றினாலே போதும். ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியே சரக்குப் பட்டியல் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

நாம் இங்கே பேசுவது அடுத்த வகை. மெஷினின் சொந்த அமைப்புகளைக் காக்கும் சர்வர் இது. மெஷினின் அமைப்பு என்றால் என்ன? கடைக்குத் தேவையானவற்றை மட்டும் பார்ப்போம்.

1. தேதியும் நேரமும். மெஷினுக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். பில்லின் தேதி தவறினால் வரியும் தவறும்.

2. பில் எண்ணின் முன்னெழுத்து. ஜி.எஸ்.டி. விதிகளின்படி பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மேற்படாமல், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியே எண் போடும் இரண்டு மெஷின்களுக்கு ஒரே முன்னெழுத்து இருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பில் விழும்.

3. பில் மென்பொருளின் பதிப்பு. ஒரு மெஷினில் புதியது, இன்னொன்றில் பழையது என்றால் இரண்டும் ஒரே கணக்கைக் காட்டும் என்று சொல்ல முடியாது.

4. பிரிண்டர், தராசு, பார்கோடு ஸ்கேனர் ஆகியவற்றின் இணைப்பு. இரண்டு அங்குலத் தாளா, மூன்று அங்குலத் தாளா என்பதுகூட ஓர் அமைப்புதான்.

5. யார் யார் உள்ளே நுழையலாம், யார் பில்லை ரத்து செய்யலாம் என்ற அனுமதி.

6. விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தங்கள், வைரஸ் தடுப்பு, தினசரி நகல் எடுக்கும் வேலை.

இவற்றுள் ஐந்தாவதை எண்ணிப் பாருங்கள். வேலையை விட்டு நின்ற ஒரு பையனின் கடவுச்சொல்லை எத்தனை மெஷின்களில் நீக்கினோம்? முன்பக்க மெஷினில் நீக்கியிருப்போம். குடோன் மெஷினில் அது அப்படியே இருக்கும்.

எடைக்கல் தத்துவம்

இந்த ஏற்பாட்டின் அடிப்படை வணிகர்களுக்குப் புதிதல்ல. நம் கடைத் தராசையும் எடைக்கல்லையும் அரசின் தர எடையோடு ஒப்பிட்டு முத்திரை வைக்கிறார்கள். கல் தேய்ந்திருந்தால் சரி செய்யச் சொல்கிறார்கள். சரியாக இருந்தால் தொடுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மறுபடியும் சோதிக்கிறார்கள். தலைமை சர்வரும் இதையேதான் செய்கிறது. மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் ஒரு முறை எழுதி வைக்கிறோம். சர்வர் ஒவ்வொரு மெஷினையும் அதோடு ஒப்பிடுகிறது. மாறியிருந்தால் திருத்துகிறது, மாறாவிட்டால் விட்டுவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "ரேக்கில் 10 டின் எண்ணெய் கொண்டு போய் வை" என்று கடைப் பையனிடம் இரண்டு முறை சொன்னால் 20 டின் வந்துவிடும். "ரேக்கில் எப்போதும் 10 டின் இருக்க வேண்டும்" என்று சொன்னால், எத்தனை முறை சொன்னாலும் 10தான் இருக்கும். நல்ல நிர்வாக மென்பொருளில் கட்டளைகளை இந்த இரண்டாவது முறையில்தான் எழுதுவார்கள். ஆகவே தினமும் ஓட்டினாலும் கெடுதல் இல்லை. பாதியில் மின்சாரம் போனாலும் மறுபடி ஓட்டி மீதியை முடிக்கலாம்.

ஒப்பிடுவதில் இரண்டு வழிகள் உண்டு. சர்வரே ஒவ்வொரு மெஷினுக்கும் போய்ப் பார்ப்பது ஒன்று. மெஷின்கள் தாமே அவ்வப்போது சர்வரிடம் வந்து "எனக்கு ஏதாவது மாற்றம் உண்டா?" என்று கேட்பது மற்றொன்று. முதல் வழியில் மெஷின்களில் தனி மென்பொருள் ஏற்றத் தேவையில்லை; ஆனால் அணைந்து கிடக்கும் மெஷின் விடுபட்டுப் போகும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிறு மென்பொருள் இருக்க வேண்டும். ஆனால் மெஷினைப் போட்டதும் அது தானே கேட்டுச் சரி செய்துகொள்ளும்.

எங்கிருந்து வந்தது?

நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சியாளராக இருந்த மார்க் பர்ஜெஸ், தம் துறையின் கம்ப்யூட்டர்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள 1993இல் சி.எஃப்.என்ஜின் என்ற மென்பொருளை எழுதினார். 2005இல் லூக் கேனிஸ் உருவாக்கிய பப்பெட் வந்தது. 2009இல் செஃப், 2011இல் சால்ட், 2012இல் மைக்கேல் டிஹான் உருவாக்கிய ஆன்சிபிள் ஆகியவை வந்தன. ஆன்சிபிளை 2015இல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கியது. பப்பெட் பொதுவாக இரண்டாவது வழியில் இயங்குகிறது. வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை மெஷின்கள் சர்வரைக் கேட்கும். ஆன்சிபிள் முதல் வழி.

எந்தக் கடைக்கு எது பொருந்தும்?

ஒன்றிரண்டு மெஷின்கள் மட்டும் உள்ளவர்களுக்கு சர்வர் தேவையில்லை. மெஷினின் அமைப்புகளை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். இல்லாத நோய்க்கு மருந்து வாங்க வேண்டாம்.

மெஷின்கள் அனைத்தும் விண்டோஸ், எண்ணிக்கையும் பத்து இருபது என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட்டின் டொமைன் ஏற்பாட்டில் உள்ள குரூப் பாலிசி முறை பொருந்தும். மெஷின்கள் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை தாமே மாற்றங்களைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் சர்வருக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். அத்துடன் ஹோம் பதிப்பு விண்டோஸ் உள்ள மெஷின்கள் டொமைனில் சேரா. புரொபஷனல் பதிப்பு வேண்டும். விலை மலிவென்று ஹோம் பதிப்பு மெஷின்களை வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றிலிருந்து பத்து மெஷின்கள் உள்ள கடைகளுக்கு ஆன்சிபிள் முறை சிக்கனமானது. மென்பொருளுக்கு விலை இல்லை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டு வகை மெஷின்களையும் இதனால் நிர்வகிக்க முடியும். ஆனால் இதை இயக்கும் தலைமை மெஷின் லினக்ஸில் இருக்க வேண்டும். நம் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்கு லினக்ஸ் தெரியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அமைக்கும் முறை

முதல் படி: மெஷின் கணக்கெடுப்பு. சரக்கு இருப்பு எடுப்பது போல மெஷின் இருப்பு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இருக்கும் இடம், செய்யும் வேலை, விண்டோஸ் பதிப்பு, இணைத்திருக்கும் பிரிண்டர், தராசு ஆகியவற்றை எழுதுங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. அந்தப் பதிப்பில் ஓடும் மெஷின்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத ஐ.பி. எண்ணை ரவுட்டரிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். முகவரி நாளுக்கு நாள் மாறினால் சர்வர் எங்கே போய்த் தேடும்?

இரண்டாம் படி: தர நிலையை எழுதுதல். இதை எழுத வேண்டியவர் கடை முதலாளியும் கணக்கரும்தான், சர்வீஸ்காரர் அல்ல. சாதாரணத் தமிழில் எழுதினால் போதும். எடுத்துக்காட்டாக: "பில் மெஷின்கள் அனைத்திலும் நேரம் இந்திய நேரப்படி, இணையத்திலிருந்து தானே சரி செய்துகொள்ள வேண்டும். பில் போடுகிறவர் தேதியை மாற்ற முடியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி முன்னெழுத்து. பென் டிரைவ் சொருகினால் இயங்கக் கூடாது. இரவு 10.30க்கு நகல் எடுக்க வேண்டும். குடோன் மெஷினில் பில் போட இயலாது." இப்படி ஒரு பக்கம் எழுதினால், சர்வீஸ்காரர் அதைச் சர்வருக்குப் புரியும்படி மாற்றிக்கொடுப்பார்.

மூன்றாம் படி: தலைமை மெஷின். புதிது வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் டெபியன் அல்லது உபுண்டு ஏற்றினால் ஐந்தாறு மெஷின்களை நிர்வகிக்கப் போதும். ஆனால் இந்த மெஷினில் பில் போடக் கூடாது. மெயில் பார்க்கக் கூடாது. சினிமா பார்க்கக் கூடாது. யு.பி.எஸ். இணைப்போடு, பூட்டுள்ள அறையில் இருக்கட்டும்.

நான்காம் படி: இணைப்பு. லினக்ஸ் மெஷின்களோடு எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய வழியில் பேசலாம். விண்டோஸ் மெஷின்களோடு அதே வழியிலோ, வின்.ஆர்.எம். என்ற வழியிலோ பேசலாம். எஸ்.எஸ்.எச். வழியில் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு பயன்படுத்துவது பாதுகாப்பு. கிளைக் கடையைச் சேர்க்க வேண்டுமானால் வி.பி.என். என்ற தனிக் குழாய் வழியாகச் சேர்க்க வேண்டும். ரவுட்டரில் கதவைத் திறந்து விட்டு இணையம் முழுவதற்கும் காட்டக் கூடாது. இது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஐந்தாம் படி: கோப்புகள். ஆன்சிபிளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மெஷின்களின் பெயர்ப் பட்டியல். "பில் மெஷின்கள்", "குடோன்", "கிளை" எனப் பிரித்து எழுதலாம். மற்றொன்று, எந்தப் பிரிவு எப்படி இருக்க வேண்டும் என்ற கட்டளைக் கோப்பு. இது யாமல் என்ற எழுத்து முறையில் இருக்கும். இதில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. இடைவெளி பிசகினால் கட்டளை பிசகும். கடவுச்சொற்களை இந்தக் கோப்பில் அப்படியே எழுதி வைக்கக் கூடாது. பூட்டி வைக்க ஆன்சிபிளிலேயே வால்ட் என்ற பெட்டக வசதி இருக்கிறது.

ஆறாம் படி: மாற்றப் பேரேடு. கோப்புகளை கிட் என்ற மென்பொருளில் வைத்தால், யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகும். பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். பேரேட்டில் அடித்தல் திருத்தல் செய்யாமல் புதுப் பற்று வைப்பது போன்றது இது.

ஏழாம் படி: ஒத்திகை. இதை எந்த நாளும் விட்டுவிடக் கூடாது. ஆன்சிபிளில் ஒத்திகை முறை உண்டு. மெஷினில் எதையும் மாற்றாமல், என்னென்ன மாறும் என்று மட்டும் சொல்லும். சில கட்டளைகளுக்கு ஒத்திகை வேலை செய்யாது. அதனால் ஒத்திகையை மட்டும் நம்பாமல், முதலில் ஒரே ஒரு மெஷினில் ஓட்டி, ஒரு நாள் வியாபாரம் பார்த்து, மாதிரி பில் எடுத்து, பிறகு மற்ற மெஷின்களுக்குப் போக வேண்டும்.

எட்டாம் படி: தினசரி ஒப்பீடு. கடை அடைத்தபின் தினம் ஒரு முறை ஓட ஏற்பாடு செய்யலாம். அணைத்து வைத்த மெஷின்கள் விடுபடும் என்பதால், எவை விடுபட்டன என்ற அறிக்கையை மறுநாள் காலை பார்க்க வேண்டும். அறிக்கையை யாரும் பார்க்காத சர்வர், முத்திரை பார்க்காத தராசு போன்றதே.

தலைமை மெஷின் பழுதானால்?

இது பலருக்கும் உள்ள பயம். தகவல் சர்வர் நின்றால் பில் போடுவது நின்றுபோகலாம். ஆனால் நிர்வாக சர்வர் நின்றால் பில் நிற்காது. ஒவ்வொரு மெஷினும் கடைசியாகப் பெற்ற அமைப்போடு தொடர்ந்து ஓடும். புதிய மாற்றங்கள் மட்டும் போகா. கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் இருந்தால், வேறு மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம். நகல் இருப்பது மட்டும் போதாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்த நகலிலிருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஆகவே சர்வர் நின்றுபோவது பெரிய ஆபத்து அல்ல. அது தவறாக ஓடுவதும், பிறர் கைக்குப் போவதும்தான் பெரிய ஆபத்து. இதற்கு உலகம் அறிந்த மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன.

ஒரே நாளில் மூடிய கடைகள்

சுவீடன் நாட்டில் கோப் என்ற பெரிய மளிகைக் கடைத் தொடர் இருக்கிறது. 2021 ஜூலை 3ஆம் தேதி, சனிக்கிழமை, அதன் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவை திறக்கப்படவில்லை. சரக்கு இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், வாங்க ஆட்களும் இருந்தார்கள். ஆனால் கல்லா மெஷின்கள் இயங்கவில்லை. காரணம், முந்தைய நாள் கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டையை ரெவில் என்ற பணயக் கும்பல் பயன்படுத்திக்கொண்டது. எல்லா மெஷின்களுக்கும் திருத்தம் அனுப்ப வைத்திருந்த அதே வழியாக, எல்லா மெஷின்களையும் பூட்டும் மென்பொருளை அனுப்பிவிட்டார்கள். உலகெங்கும் 1,500 வரையிலான நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கசேயா கூறியது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கசேயாவோடு கோப் நேரடியாகத் தொடர்பு வைத்திருக்கவில்லை. அதன் கல்லா மெஷின்களைப் பராமரித்த நிறுவனம்தான் அந்த மென்பொருளைப் பயன்படுத்தியது. இதை நம் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். "எங்கள் கடையில் தலைமை சர்வர் எதுவும் இல்லை" என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம் எல்லா மெஷின்களிலும் சர்வீஸ்காரர் தம் வசதிக்காகத் தொலைவிலிருந்து நுழையும் மென்பொருள் போட்டு, ஒரே கடவுச்சொல் வைத்திருந்தால், தலைமை சர்வர் ஏற்கெனவே இருக்கிறது. அது நம் கையில் இல்லை, அவ்வளவுதான்!

இரண்டாவது நிகழ்ச்சி சால்ட் பற்றியது. 2020 ஏப்ரல் இறுதியில் அந்த மென்பொருளில் கடவுச்சொல் இல்லாமலே தலைமை சர்வருக்குள் புகும் ஓட்டை இருப்பது வெளியானது. திருத்தமும் உடனே வழங்கப்பட்டது. ஆனால் திருத்தத்தைப் போடாமல், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த சர்வர்களை மே முதல் வாரத்திலேயே திருடர்கள் தாக்கினார்கள். தலைமை சர்வரை இணையத்துக்குக் காட்டக் கூடாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

மூன்றாவது நிகழ்ச்சியில் திருடனே இல்லை. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. நம் நேரப்படி காலை 9.39க்கு அனுப்பியதை 10.57க்கு நிறுத்திவிட்டார்கள். அந்த 78 நிமிடத்துக்குள் வாங்கிக்கொண்ட மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பியது ஓரிடத்திலிருந்து, சில நிமிடத்தில். சரி செய்யவோ பல மெஷின்களுக்கு ஆள் நேரில் போக வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பாமல், படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறுவதாக அந்த நிறுவனம் பின்னர் அறிவித்தது. பெரிய நிறுவனம் அத்தனை நஷ்டத்துக்குப் பின் ஏற்ற அந்த வழக்கத்தை, நாம் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளலாம்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

1. எந்த மாற்றமும் முதலில் ஒரு மெஷினில், பிறகு இரண்டில், பிறகு மற்றவற்றில்.

2. பண்டிகைக்கு முந்தைய நாள், மாதத்தின் முதல் வாரம், சனி, ஞாயிறு போன்ற கூட்ட நாள்களில் மாற்றம் செய்ய வேண்டாம். வரி விகித மாற்றம் போலச் சட்டம் தேதி குறித்தவை மட்டும் விதிவிலக்கு. அவற்றையும் முன்கூட்டியே தயாரித்து ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும்.

3. தலைமை மெஷினின் கடவுச்சொல்லும் சாவியும் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். அதில் ஒருவர் முதலாளியாகவோ அவர் குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். ஒரு பிரதியை மூடிய உறையில் இட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.

4. நகலில் ஒன்று, எந்த மெஷினோடும் இணைக்காமல் தனியே இருக்க வேண்டும். இணைந்தே இருக்கும் நகலையும் சேர்த்துப் பூட்டுவதுதான் பணயக் கும்பல்களின் வழக்கம்.

5. தலைமை மெஷினுக்கான திருத்தங்களைத் தாமதமின்றிப் போட வேண்டும். மற்ற மெஷின்களைவிட இதற்கே முதலிடம்.

6. அச்சிட்ட பில் புத்தகம் ஒன்றைத் தனி எண் வரிசையோடு எப்போதும் தயாராக வையுங்கள். முக்கியச் சரக்குகளின் விலை, வரிப் பட்டியலையும் மாதம் ஒரு முறை அச்செடுத்து வையுங்கள். எல்லா மெஷின்களும் நின்றாலும் கதவை அடைக்க வேண்டியிராது.

சர்வீஸ்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் பேசுவதற்கு முன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மெஷின்களில் தொலைவிலிருந்து நுழையும் மென்பொருள் எது? அதன் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? மற்ற கடைகளுக்கும் அதே கடவுச்சொல்தானா? மாற்றம் செய்யும் முன் எங்களுக்குச் சொல்வீர்களா? தவறானால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? நாளை நாங்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டால், கோப்புகளையும் சாவியையும் ஒப்படைப்பீர்களா?

கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறவரிடம் தலைமை சர்வரை ஒப்படைப்பது, கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பதற்குச் சமம். நல்ல சர்வீஸ்காரர் இக்கேள்விகளுக்கு வருத்தப்பட மாட்டார். பொறுப்பு தெளிவாவது அவருக்கும் நல்லதே.

முடிவாக

ஒவ்வொரு மெஷினும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்து, அதன்படி இருக்கிறதா என்று தினமும் சோதிப்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். சர்வர் அமைக்க இப்போதைக்கு வசதி இல்லாதவர்களும் முதல் இரண்டு படிகளைச் செலவில்லாமல் செய்யலாம். இந்த வாரம் மெஷின் கணக்கெடுப்பு, அடுத்த வாரம் ஒரு பக்கத் தர நிலை. அதை வைத்துக்கொண்டு மெஷின்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே, நின்றுபோன ஆளின் கடவுச்சொல், தவறான தேதி, இரட்டை முன்னெழுத்து என்று சில வேறுபாடுகள் அகப்படக்கூடும். அவற்றைச் சரி செய்துவிட்டு, பிறகு சர்வரைப் பற்றி யோசியுங்கள். அடுத்த முறை வரி விகிதம் மாறும் இரவில், நம் கடைகளில் எந்த கவுண்டரில் நின்றாலும் வாடிக்கையாளர் கையில் ஒரே கணக்குள்ள பில் இருக்க வேண்டும்.